துணைக்குப் பதினோரு பேர்

பாண்டீஸ்வரனின் ஜீப்பில் ரேடியேட்டர் சூடாகிறது என்பதை அந்தத் தேயிலைத் தோட்ட லயத்தின் இருபத்திநாலு வீட்டிலும் ஒருவர்கூட நம்பவில்லை. நம்பவில்லை என்று யாரும் காட்டிக்கொள்ளவும் இல்லை. ஒரு மனுசன் மூன்று மாதமாக ஒரே பொய்யை இவ்வளவு பாடுபட்டுச் சொல்லும்போது கேட்கிறவர்களும் கொஞ்சம் ஒத்துழைக்கத்தானே வேண்டும். பொய்க்கு மரியாதையாக அவன் புது ரேடியேட்டரே வாங்கிப் போட்டான். பழையதைவிடப் புதியது அதிகமாகச் சூடாகிறது என்று இரண்டாம் நாளே அறிவித்தான். “அதுவும் மனுசரப் போலத்தான், புது இடம் பழகணும்ல” என்று பக்கத்து வீட்டு மாரித்தாய் ஆறுதல் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்ச் சிரித்தாள்.

லயத்திலிருந்து மூணாறு டவுனுக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். பாதி வழியில் தொட்டி வளைவு. எப்போதோ தோட்டத்துக் கழுதைகள் தண்ணீர் குடித்த சிமென்ட் தொட்டி ஒன்று அங்கே கிடப்பதால் அந்தப் பெயர். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. ஜூன் மாத மழையில், ஐந்து டூரிஸ்டுகளை ஏற்றிக்கொண்டு டவுனிலிருந்து வந்த பாண்டீஸ்வரனின் வண்டி மூடுபனியில் வழுக்கி, முன்பக்க இடது சக்கரம் அந்த ஒன்றுமில்லாத பக்கம் போய்த் தொங்கியது. ஒரு தேயிலைச் செடி தாங்கிப் பிடித்தது. ஒருவருக்கும் கீறல் இல்லை. டூரிஸ்டுகள் பின்பக்கமாக இறங்கி, முதல் வேலையாக வீடியோ எடுத்தார்கள். பாண்டீஸ்வரன் அவர்களையே பின் பம்பர் மேல் ஏறி நிற்கச் சொல்லி, வண்டியை ரிவர்ஸில் எடுத்து, வட்டவடைக்குக் கொண்டுபோய்க் கேரட் தோட்டமும் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். பத்து நாள் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பதினோராம் நாள், நல்ல வெயிலில், காலி ஜீப்பில் டவுனுக்குப் போகும்போது, வளைவுக்கு முன்னால் வந்ததும் இரண்டு கையும் மரத்துப்போயின. காதுக்குள் அருவி விழுகிற இரைச்சல். நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். எதிரே வந்த பஸ்காரன் என்ன விஷயம் என்று கேட்டதற்கு வாயில் வந்ததைச் சொன்னான். ரேடியேட்டர்.

அன்று முதல் அவனுடைய உலகம் வளைவுக்கு இந்தப் பக்கமாகச் சுருங்கியது. வட்டவடையிலிருந்து பூண்டு மூட்டை ஏற்றுவான், முட்டைக்கோஸ் ஏற்றுவான். ஹோம்ஸ்டேக்காரர்கள் டவுனுக்கு டூரிஸ்ட் ஏற்றிவிட்டால் தொட்டி வளைவு வரை கொண்டுபோய், பானெட்டைத் தூக்கிவைத்து, பின்னால் வருகிற ஜோபியின் ஜீப்புக்கு மாற்றிவிடுவான். ஜோபிக்கு முப்பது வயது, வளைவில் ஒரு கையால் ஸ்டியரிங்கும் மறு கையால் போனும் பிடிக்கிறவன். ஆளைப் பார்த்தால் பணிவு, பேச்சைக் கேட்டால் ஊசி.

“அண்ணே, இந்த வண்டிய வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீக? எனக்குக் குடுத்துருங்க. சீசனுக்கு இன்னொரு வண்டி வேணும் எனக்கு. ரேடியேட்டர நான் பாத்துக்கிடுதேன்.”

“செப்டம்பர் மாசக் கடைசி ஞாயித்துக்கெழம சொல்லுதேன்” என்றான் பாண்டீஸ்வரன்.

வண்டி போனால் அவனுக்கு மிச்சம் இருப்பது ஃபேக்டரியில் கொழுந்து உலர்த்துகிற வேலை. அங்கே சூப்பர்வைசர் யார் என்றால் மனைவி ஆனந்தியின் தம்பி. இருபது வருடமாக மச்சானை ‘நீ, வா, போ’ என்று அழைத்தவன் இனி ‘சார்’ என்று கூப்பிட வேண்டும். தொட்டி வளைவில் தொங்கியதைவிட இது ஆழமான பள்ளம் என்று பாண்டீஸ்வரனுக்குத் தெரிந்திருந்தது.

ஆகஸ்டில், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றவன் எஞ்சினைப் பார்க்காமல் வளைவையே பார்ப்பதைக் கோயம்புத்தூர்க்கார டூரிஸ்ட் அம்மா ஒருத்தி பார்த்துவிட்டாள். ரேடியேட்டரைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவன் போனை வாங்கி, மனநல ஆலோசனை ஆப் ஒன்றை ஏற்றிக் கொடுத்து, “இதுல பேசுங்க, தமிழ்லயே பேசுவாங்க. யாருக்கும் தெரியாது” என்று சொல்லிவிட்டு ஜோபியின் ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள்.

யாருக்கும் தெரியாது என்று அவள் சொன்னது கோயம்புத்தூரை மனதில் வைத்து. லயத்தில் போனுக்கு ரேஞ்சு கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். காலையில் பேர் கூப்பிடுகிற மஸ்டர் ஷெட்டுக்கு மேலே, வண்டி உயரத்துக்கு ஒரு பாறை. ரேஞ்சுப் பாறை என்று பெயர். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொழுந்து எடை போட்டு முடித்த பெண்கள் அத்தனை பேரும், திருப்பூரில் இருக்கிற மகளோடும் தேனியில் இருக்கிற தங்கையோடும் பேச அங்கேதான் ஏறுவார்கள். அந்த ஆப்பில் பேச வந்த சென்னை மேடம் பாண்டீஸ்வரனுக்கு ஒதுக்கிய வீடியோ கால் நேரமும் வியாழக்கிழமை ஐந்து மணி.

காதில் இயர்போன் மாட்டியிருந்தான். அதனால் மேடத்தின் கேள்விகள் யாருக்கும் கேட்கவில்லை. அவனுடைய பதில்கள் பாறை முழுக்கக் கேட்டன. கேள்வி காதில் விழாமல் பதில் மட்டும் விழுந்தால் அந்தக் கேள்வியைத் தாங்களே கண்டுபிடிக்காமல் நம் ஆட்களுக்குச் சோறு இறங்காது.

“இல்ல மேடம், அழுகையெல்லாம் வரலை” என்றான். எல்லோரும் தங்கள் மகள்களிடம் “இரு, பிறகு பேசுதேன்” என்று சொல்லிப் போனை வைத்தார்கள்.

“ராத்திரி மூணு மணிக்கு முழிச்சிருதேன்... அவ தூங்கிக்கிட்டுத்தான் இருப்பா... அவகிட்ட ஒண்ணும் சொல்லல.”

அவள் என்பது ஆனந்தி என்று பாறைக்குத் தெரியும். ஆனந்தியும் பாறையில்தான் இருந்தாள், நாலு பேருக்குப் பின்னால், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு.

சென்னை மேடம் நல்லவள்தான். அவனைச் சுற்றி யாரும் இல்லாத அமைதியான இடத்தில் உட்காரச் சொன்னாள். அவன் போனைத் திருப்பி மலையைக் காட்டினான். மலையோடு மாரித்தாயின் முகமும் வந்தது.

“அது யாரு உங்களுக்குப் பின்னாடி?”

“எங்க மதினி மேடம். மகளுக்குப் போன் போட வந்திருக்காக.”

“அவங்க கையில போன் இல்லையே?”

மாரித்தாய் உடனே இடுப்பிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்து, “ஆமா கண்ணு, இங்கன மழைதான்” என்றாள். அன்று மழை இல்லை.

மூன்று வியாழக்கிழமை இப்படிப் போனது. மூன்றாவது முறை, வளைவில் சக்கரம் தொங்கியபோது மனதில் என்ன ஓடியது என்று மேடம் கேட்டு முடிப்பதற்குள் மூடுபனி இறங்கி, ரேஞ்சு போய், அவள் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டாள். பாண்டீஸ்வரன் அந்தத் திறந்த வாயைப் பார்த்தபடி பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஐந்து நிமிடம் சொன்னான். இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னான். மூடுபனி விலகி மேடம் அசைந்தபோது, “சாரி, கட்டாயிருச்சு. இப்ப சொல்லுங்க” என்றாள். இரண்டாம் தடவை சொல்ல அவனால் முடியவில்லை. பாறையில் இருந்த ஒன்பது பேர் மட்டும் முழுவதும் கேட்டிருந்தார்கள். அன்று ஒருத்தியும் மகளுக்குத் திரும்பப் போன் போடவில்லை. அவர்களுக்கே தாங்காத ஒரு சங்கதி அதில் இருந்திருக்க வேண்டும்.

“உங்களுக்கு நேர்ல பாக்குறதுதான் நல்லதுன்னு நினைக்கிறேன்” என்றாள் மேடம். “பக்கத்துல யாராவது இருப்பாங்க. கதவச் சாத்திக்கிட்டு, எதிர்ல உக்காந்து பேசுங்க. தேடிப் பாருங்க.”

தேடினான். போன் உடனே, இதோ பதினெட்டு கிலோமீட்டரில் ஒருவர் என்று காட்டியது. அவர் மலைக்கு அந்தப் பக்கம் போடியில் இருந்தார். போன் காக்கா பறக்கிற கணக்கில் அளந்திருந்தது. பாண்டீஸ்வரன் பறக்காவிட்டால் ரோட்டு வழியாக மூணு மணி நேரம், அதுவும் தொட்டி வளைவைத் தாண்டி. அடுத்த ஆள் கோதமங்கலம். மலையாளத்தில் அழத் தெரிந்தவர்களுக்கு அங்கே நல்ல டாக்டர் உண்டு என்றார்கள். பாண்டீஸ்வரன் மலையாளத்தில் வாடகை பேசுவான், போலீசுக்குப் பதில் சொல்வான். மூணு மணிக்கு முழிப்பு வருவதை அந்தப் பாஷையில் சொன்னால் யாருக்கோ வந்த மாதிரி இருந்தது.

இதற்குள் லயம் தன் பங்குக்குத் தேட ஆரம்பித்துவிட்டது. ஃபேக்டரியில் ஓய்வு பெற்ற சுவக்கீன், ஒரு ஜெபக்கூட்டம் வைத்தால் போதும் என்றார். முட்டிவலிக்காரர் பெரியமுத்து, வளைவில் ஒரு கோழி அறுத்தால் போதும் என்றார். இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டு பக்கமும் தடங்கல் இருக்காது என்று சமரசம் பேசியவர்களும் உண்டு. கடைசியில் மாரித்தாய்தான் உருப்படியான தகவலோடு வந்தாள்.

“கொழுந்தனாரே, டவுன்ல கன்னியாஸ்திரி ஆஸ்பத்திரில ஒரு பிள்ள வருதாம். ஜிஸ்மின்னு பேரு. ஞாயித்துக்கெழம மட்டும். ஏலத்தோட்டத்துல டிராக்டர் ஓட்டுன கபிரியேல் மக. நம்ம பேச்சுதான் பேசும். இதுக்குன்னே படிச்சதாம்.”

“எதுக்குன்னே?”

“ரேடியேட்டருக்கு” என்றாள் மாரித்தாய்.

பாண்டீஸ்வரன் அவளை முறைத்தான். அவள் கொஞ்சமும் அசையவில்லை. இந்தத் தகவலுக்காக அவள் மூன்று சர்ச் சபைக்காரிகளையும் ஒரு நர்ஸையும் விசாரித்திருந்தாள். அந்த உழைப்புக்கு ஒரு கேலி செய்யக்கூட உரிமை இல்லையா.

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தியிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஜோபியின் ஜீப்பில் ஓரமாக ஒட்டிக்கொண்டு போய்விட்டு வருவது என்று அவன் முடிவு செய்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னான். அங்கேதான் தப்பு செய்தான்.

அந்த லயத்தில் ஆஸ்பத்திரிக்கு யாரும் தனியாகப் போனதாகச் சரித்திரம் இல்லை. பெரியமுத்துவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க ஏழு பேர் போனார்கள். சுவக்கீனின் மருமகள் பிரசவத்துக்கு இரண்டு ஜீப். தனியாகப் போனால் ஆளில்லாதவன் என்று அர்த்தம், இல்லாவிட்டால் மறைக்கிற நோய் என்று அர்த்தம். இரண்டில் எது என்று பேச்சு கிளம்பும். அதற்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் அக்கம்பக்கத்தாருக்கு அழகு.

இஸ்திரி போட்ட சட்டையோடு எட்டு மணிக்கு அவன் ரோட்டுக்கு வந்தபோது, ஜோபியின் ஜீப்பில் ஏற்கனவே பதினோரு பேர் இருந்தார்கள். மாரித்தாய் மடியில் ஃபிளாஸ்க். சுவக்கீன் கையில் ரொட்டிப் பாக்கெட். பெரியமுத்து கையில் மூன்று வருடத்துப் பழைய முட்டி எக்ஸ்ரே. எல்லோருக்கும் நடுவில் ஆனந்தி, யார் மேலோ பழியைப் போடுகிறவள்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது என்ன மதினி?”

“ஒத்தையில யாரு போவா ஆஸ்பத்திரிக்கு? ஏறுங்க. ஒமக்குன்னு முன்சீட்டு விட்டு வச்சிருக்கு.”

முன்சீட்டில் உட்கார்ந்தால் வளைவு முழுவதும் தெரியும். அவன் பின்னால் போய் மூட்டைபோல நெருங்கிக்கொண்டான்.

“அண்ணே, போற வழில நிறுத்திப் பாக்கணுமா, ரேடியேட்டர்?” என்று ஜோபி கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

“வாய மூடிட்டு ரோட்டப் பாத்து ஓட்டு” என்றாள் ஆனந்தி. மூன்று மாதத்தில் அந்த விஷயம் பற்றி அவள் பொதுவில் பேசிய முதல் வாக்கியம் அது.

தொட்டி வளைவு வந்தபோது பாண்டீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டான். வண்டிக்குள் சட்டென்று பேச்சு நின்றது. மாரித்தாய் இருக்கிற இடத்தில் பேச்சு நிற்பது சாதாரணமில்லை. மறுநொடி அவளே வட்டவடைப் பூண்டின் காரம் பற்றி ரொம்ப உரக்கப் பேச ஆரம்பித்தாள். மற்றவர்களும் பூண்டில் விழுந்தார்கள். பதினோரு பேரும் வளைவு முடிகிற வரை பூண்டு பேசினார்கள். கண்ணை மூடியிருந்தவனுக்கு அப்போதுதான் விளங்கியது, ரேடியேட்டரை யாரும் ஒரு நாளும் நம்பவில்லை என்பது.

ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த சிஸ்டர் கூட்டத்தைப் பார்த்து, பஸ் ஏதும் கவிழ்ந்துவிட்டதா என்று கேட்டார். ஜிஸ்மியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் வருவார்கள், மூன்று பேர் வந்தால் திருநாள். அவர்களும் பக்கவாட்டு வாசல் வழியாகத்தான் வருவார்கள்.

பாண்டீஸ்வரன் கூட்டத்திலிருந்து நழுவினான். வெளியே போய் பாலில்லாத ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்தான். அதற்குள் மாரித்தாய் கவுண்டரில் சீட்டுப் போட்டு முடித்திருந்தாள். பன்னிரண்டு சீட்டு.

“பன்னெண்டா?”

“வந்ததே வந்தாச்சு. சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கிட்டோம். பிள்ள எப்படின்னு நாங்க முதல்ல பாத்துட்டு வாரோம். சரியில்லன்னா நீரு உள்ள போகவே வேண்டாம்.”

“என் பேரு?”

“கடைசில சொல்லியிருக்கேன். நோயாளி பேரக் கடைசில சொன்னாத்தான் மறக்க மாட்டாக.”

முதல் சீட்டு அவளுடையது. ஐந்து நிமிடத்தில் வந்து சேதி சொல்வதாகச் சேலையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவு சாத்தியது. நல்ல கனமான பழைய தேக்குக் கதவு. சுவக்கீன் மெதுவாக அதன் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. பெஞ்சில் இருந்தவர்கள் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீயைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நாற்பத்தைந்தாம் நிமிடம் மாரித்தாய் வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் ஜன்னல் ஓரம் போய் நின்றாள்.

“என்னக்கா ஆச்சு?” என்றார் பெரியமுத்து.

“ஒண்ணுமில்ல. கைவலி கேட்டேன்.”

“கைவலிக்கா முக்கா மணி நேரம்?”

“ரெண்டு கையும்” என்றாள் மாரித்தாய்.

இன்றுவரை லயத்தில் தீராத ஆதங்கம் அது. ஊரில் யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று சொல்லக்கூடியவள், அந்த அறைக்குள் முக்கால் மணி நேரம் என்ன பேசினாள் என்பதை ஒரு ஆளிடம்கூடச் சொல்லவில்லை. எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தாயிற்று.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தராகப் போனார்கள். ஜெபமே போதும் என்ற சுவக்கீன் அரை மணி நேரம் உள்ளே இருந்தார். வெளியே வந்து ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தார், தனக்கு எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். பெரியமுத்து பத்து நிமிடத்தில் வந்து, தன்னுடைய எக்ஸ்ரேயை அந்தப் பிள்ளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்னார். மத்தியானம் தாண்டி ஆனந்தியின் முறை. அவள் எழுந்தபோது பாண்டீஸ்வரன், “நீயுமா?” என்றான்.

“ஏன், மூணு மணிக்கு நீங்க மட்டுந்தான் முழிச்சிருக்கீகன்னு நெனச்சீகளா?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவனுடைய முறை வந்தபோது மணி மூன்றே முக்கால். நாலு மணிக்கு ஜிஸ்மி கிளம்ப வேண்டும்.

அவளுக்கு முப்பது வயதுகூட இராது. பதினோரு பேரைக் கேட்டு முடித்த களைப்பு முகத்தில் இருந்தது, ஆனால் அவன் உட்காரும் வரை அவள் உட்காரவில்லை. நடுவில் மேஜை இல்லை. இரண்டு பிரம்பு நாற்காலி மட்டும், எதிரெதிராக.

“வண்டில என்ன கோளாறுண்ணே?”

“ரேடியேட்டர்னு சொல்லியிருக்கேன்.”

“நம்புறாங்களா?”

“இன்னைக்குக் காலைல வரைக்கும், நம்புறாகன்னுதான் நெனச்சேன்.”

ஜிஸ்மி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அன்று முழுக்க அந்த அறைக்குள் அவள் என்னவெல்லாம் கேட்டிருந்தாளோ, அதில் ஒரு சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

பிறகு வளைவைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். பாதியில் அவள் மெதுவாகக் கேட்டாள். “அண்ணே, உங்க வலது கால் என்ன செய்யுது?”

குனிந்து பார்த்தான். வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது. செருப்பு வளைந்து, கெண்டைக்கால் விறைத்திருந்தது. அது அவன் கால் என்பதே அவனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

“பிரேக்” என்றான்.

“எப்ப மிதிச்சீங்க?”

“வந்து உக்காந்ததுலேர்ந்து மிதிச்சிக்கிட்டே இருக்கேன் போல.” யோசித்தான். “ஜூன்லேர்ந்தே இருக்கும்.”

சென்னை மேடம் மூன்று வாரமும் அவனுடைய நெஞ்சுக்கு மேலேதான் பார்த்தாள். போனில் அவ்வளவுதான் தெரியும். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

“இங்க வண்டி ஒண்ணும் ஓடலையே” என்றாள் ஜிஸ்மி. “எடுத்துப் பாருங்க.”

காலை எடுப்பதற்கு ரொம்ப நேரம் ஆயிற்று. குதிகால் தரையில் படிந்தபோது அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. கதவு நல்ல கதவு, வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லை.

“அடுத்த ஞாயிறும் வாங்க” என்று எழுந்துகொண்டே சொன்னாள். “அது வரைக்கும், இந்தக் கால் இப்படி அமுக்கும்போது, பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்ககிட்ட உள்ளதச் சொல்லுங்க. வண்டி மேல போட வேண்டாம்.”

அடுத்த ஞாயிறு, செப்டம்பர் மாசக் கடைசி. ஜோபிக்குச் சொன்ன கெடு.

அன்று காலை பாண்டீஸ்வரன் கதவைத் திறந்தபோது அவனுடைய ஜீப்பைச் சுற்றிப் பதினோரு பேர் நின்றார்கள். ஜோபி ஹோம்ஸ்டே டூரிஸ்டுகளை ஏற்றப் போய்விட்டான். பஸ் பதினோரு மணிக்குத்தான்.

“நீங்க எதுக்கு இன்னைக்கு? துணைக்கு ஆனந்தி போதும்” என்றான்.

“யாரு உமக்குத் துணைக்கு வந்தா?” என்றாள் மாரித்தாய். “எனக்கு அந்தப் பிள்ள பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கு. சுவக்கீன் அண்ணனுக்குப் பத்தே முக்கா. பெரியமுத்துக்குப் பதினொண்ணரை. சாவிய எடும்.”

“என்னால முடியாது மதினி.”

“முடியலன்னா அங்கன போய்ச் சொல்லும். அதுக்குத்தான அந்தப் பிள்ள இருக்கு.”

அவன் பயந்து சாவதெல்லாம் அவர்களுக்கு இப்போது இரண்டாம் பட்சம். அவரவருக்கு அவரவர் நேரம். சாவியை எடுத்தான். பதினோரு பேரும் ஏறினார்கள். அரைமணி நேரம் வண்டி ஒழுங்காகத்தான் போயிற்று. தொட்டி வளைவுக்கு ஐம்பதடி முன்னால் நின்றது.

காதில் அருவி விழ ஆரம்பித்தது. கால் பிரேக்கைத் தேடிப் பிடித்து அமுக்கியது. பின்னால் யாரும் பூண்டு பேசவில்லை.

பாண்டீஸ்வரன் பானெட்டைப் பார்த்தான். பிறகு திரும்பிப் பதினோரு முகத்தையும் பார்த்தான்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றான். “வண்டில ஒண்ணுமில்ல. எனக்குத்தான். ஒங்களை வச்சுக்கிட்டு இத என்னால தாண்ட முடியாது.”

“அதச் சொல்லுததுக்கு மூணு மாசமா” என்றாள் ஆனந்தி.

மாரித்தாய் மணி பார்த்தாள். “எங்களை வச்சுக்கிட்டு முடியாதுன்னா எறங்கிட்டாப் போச்சு. எறங்குங்கப்பா எல்லாரும்.”

இறங்கினார்கள். பெரியமுத்து முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆனந்தி மட்டும் முன்சீட்டுக்கு மாறி உட்கார்ந்தாள். மாரித்தாய் ரோட்டின் நடுவில், வண்டிக்கு முன்னால் போய் நின்று, டவுனுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் தூக்கினாள்.

“வாங்க... வாங்க... அப்படியே... பாறைப் பக்கம் ஒடிங்க... இன்னும்... போதும், நேரா வாங்க...”

சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்தாள். மற்றவர்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நடந்தார்கள். சுவக்கீன் தொட்டி இருக்கிற பக்கத்து ஓரத்தில், அந்த ஒன்றுமில்லாத பக்கத்தில், வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் தன்னை வைத்துக்கொண்டு நடந்தார். அவர் ஒருவர் தடுத்து ஜீப் நிற்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும். முதல் கியரில் வண்டி ஊர்ந்தது. பாண்டீஸ்வரனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணை மூடவில்லை.

வளைவின் நடுவில் இருக்கும்போது பின்னால் ஹார்ன் கேட்டது. ஜோபி, டூரிஸ்டுகளோடு. இரண்டு முறை அடித்தான். மூன்றாம் முறை நீளமாக அடித்தான். யாரும் திரும்பவில்லை. கடைசியில் அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். ஓட வேண்டிய அவசியமே இல்லை. சாதாரணமாக நடந்து வந்து ஜன்னல் ஓரம் சேர்ந்துகொண்டான்.

“அண்ணே, என்ன ஊர்வலமா? சரி, இன்னைக்குத்தான் கடைசி ஞாயிறு. வண்டிய என்ன செய்யப் போறீக, சொல்லுங்க.”

பாண்டீஸ்வரன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்னத்தச் சொல்ல?” என்றான். “ஓட்டிக்கிட்டு இருக்கேன், தெரியலையா?”

ஜோபி பக்கத்தில் நடந்துகொண்டே வண்டியின் வேகத்தைப் பார்த்தான், முன்னால் பின்னோக்கி நடக்கிற மாரித்தாயைப் பார்த்தான், முட்டியைத் தடவிக்கொண்டு நடக்கிற பெரியமுத்துவைப் பார்த்தான். ஒரு கேலி வாய் வரைக்கும் வந்தது. ஆனந்தி ஜன்னல் வழியாக அவனைப் பார்த்த பார்வையில் அது திரும்பிப் போயிற்று.

“வழி விட்டு நடப்பா” என்றாள் மாரித்தாய் அவனிடம். “பத்து மணிக்கு அங்கன இருக்கணும்.”

ஜோபி ஒதுங்கி நின்றான். ஊர்வலம் அவனைத் தாண்டி ஊர்ந்தது.